காலியிடம்

நேர்முகத் தேர்வுக்கு வருகிறவரிடம் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆரம்பிப்பது எனக்குப் பிடிக்காது. எல்லோரும் வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பார்கள். பதினைந்து வருஷ அனுபவம், எல்லோரையும் அரவணைத்துப் போவேன், எவ்வளவு வேலையானாலும் தாங்குவேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஓர் இன்ஜினியருக்கு வேலை தெரியுமா என்று பார்க்க வேண்டுமென்றால், நடந்த ஒரு விஷயத்தை அவர் முன்னால் வைத்து, ‘என்ன நடந்திருக்கும், சொல்லுங்கள்’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மேடம். எனக்கு இதுதான் முதல்.

பெயர் ஜம்புலிங்கம். வயது ஐம்பத்தேழு. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். போர்ட் பிளேருக்கு வந்து இருபத்துநாலு வருஷமாகிறது. வீடு லம்பா லைனில். தீவுகளுக்கிடையே பயணிகள் படகு ஓட்டும் கணபதி முதலாளியிடம் டெக்னிக்கல் மேனேஜராக இருக்கிறேன். நாலு படகுகள். அவற்றைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் யார்டு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில். தினமும் சாத்தம் துறையில் ஃபெரி ஏறி அங்கே போவேன்.

மார்ச்சில் சீனியர் இன்ஜினியர் பதவிக்கு ஆள் எடுக்க வேண்டி வந்தது. ஹெச்.ஆர். பார்க்கும் ரூபாதான், “இப்பல்லாம் பெரிய போஸ்ட்டுக்கு கேஸ் ஸ்டடி குடுத்துதான் சார் செலக்ட் பண்றாங்க” என்றார். முதலாளிக்குப் பிடித்துப்போயிற்று. கேள்வித்தாளை நானே எழுதுகிறேன் என்றேன்.

தாள் மொத்தம் ஒன்பது பக்கம். ‘கப்பல் அ’ என்று பெயர் வைத்தேன். பழுதுபார்க்கக் கரையேற்றிய ஒரு பயணிகள் படகு. அதன் அடியில் மூன்று டேங்க்குகள். டேங்க் என்று பெயரே தவிர எண்ணெயோ தண்ணீரோ இருக்காது. படகு மிதப்பதற்காக விட்டிருக்கும் காலி இரும்பு அறைகள். மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும்போது உள்ளே இரும்பு துருப்பிடிக்கும். அந்தத் துரு காற்றிலிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாடை வராது, புகை வராது, கண் எரியாது. இறங்குகிறவர் நாலைந்து மூச்சில் விழுந்துவிடுவார். அதனால் இறங்கும் முன் ப்ளோயர் போட்டு அரை மணி நேரமாவது உள்ளே காற்று ஓட்ட வேண்டும். மீட்டர் விட்டு ஆக்சிஜனை அளக்க வேண்டும். மேலே ஒருவர் நிற்க வேண்டும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி.

கேஸில், அனுபவமுள்ள ஓர் இன்ஜினியர் இது எதையும் செய்யாமல், யாரிடமும் சொல்லாமல், தனியாக இரண்டாம் டேங்க்கில் இறங்கி இறந்துபோகிறார். வாட்ச்மேன் புத்தகம், ஜெனரேட்டர் ஓடிய நேரத்தை எழுதும் லாக், ப்ளோயர் ரிஜிஸ்டர், சம்பவக் குறிப்பு எல்லாவற்றின் நகலும் பின்னால் இருக்கும். கேள்விகள் இரண்டு. இந்த மரணத்துக்குக் காரணம் என்ன? இந்தத் தாள்களில் எங்காவது இடிக்கிறதா?

இரண்டாவது கேள்வியில்தான் எனக்கு அக்கறை.

முதலில் வந்தவர் பிரவீன்குமார். எங்கள் ஊர்க்காரர். நாற்பது வயது இருக்கும். முதல் தடவையாக விமானம் ஏறி வந்திருந்தார். சட்டைக் காலரெல்லாம் வியர்வை. தாளை இரண்டு தடவை புரட்டினார்.

“சார், இந்த மூடியில எத்தன நட்டு?”

“இருபத்துநாலு.”

“வெயிட்டு?”

“முப்பத்தஞ்சு கிலோ இருக்கும்.”

“அப்பம் ஒத்த ஆளு எப்படி சார்? வாட்ச்மேன் புக்குல பத்து பத்துக்குத்தான் உள்ள வந்திருக்காரு. துருப்புடிச்ச நட்டு இருபத்துநாலயும் கழத்தி, மூடியயும் தூக்கி ஓரமா வச்சி, பத்தே முக்காலுக்குள்ள எறங்கியாச்சா? கூட ஒரு ஆளாவது நின்னிருக்கணும்லா.”

முதலாளி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிரவீன்குமார் வெளியே போனதும், “எடுத்துரலாமா ஜம்பு?” என்றார். ஆள் கொஞ்சம் பதற்றக்காரர், நடுக்கடலில் இன்ஜின் நின்றால் சமாளிக்க மாட்டார் என்றேன். மதிப்பெண் தாளிலும் அப்படித்தான் எழுதினேன். அவர் வாசலில் ரூபாவிடம், பிள்ளைகளைச் சேர்க்க இங்கே நல்ல பள்ளிக்கூடம் எது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை கேள்வித்தாளில் ஒரு வரி சேர்த்தேன். முந்தின நாளே அந்த இன்ஜினியர் சொன்னபடி இரண்டு கூலியாட்கள் மூடியைத் திறந்து வைத்துவிட்டார்கள் என்று. கேள்வித்தாளில் ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டியது எழுதினவன் பொறுப்பு.

அடுத்து நாலு பேர் வந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நாலு பேருமே இறந்தவர்மேல் பழியைப் போட்டார்கள். ஒருவர், “ஓவர் கான்ஃபிடன்ஸ் சார், இப்படிப்பட்டவங்க சாகத்தான் செய்வாங்க” என்றார். இன்னொருவர், குடித்திருந்தாரா என்று கேட்டார். செத்துப்போன ஒரு தொழில்காரனைப் பற்றி, அவன் முகம்கூடத் தெரியாமல், வேலை கிடைக்குமென்றால் என்ன வேண்டுமானாலும் பேசுகிற ஆட்கள். அவர்கள் நாலு பேரையும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அப்படிப்பட்டவர்களைப் பெரிய பதவியில் உட்கார வைக்க முடியாது. ஓட்டையைக் கண்டுபிடித்தவர்களையும் உட்கார வைக்க முடியாது. அதனால்தான் ஆள் எடுக்க இவ்வளவு நாளாயிற்று. முதலாளி இதைத்தான் சுணக்கம் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த சீனியர் இன்ஜினியர் இடம் காலியானதே, அதில் இருந்த கௌதம் பிப்ரவரியில் இறந்துபோனதால்தான். எங்கள் யார்டில், கரையேற்றியிருந்த படகின் இரண்டாம் டேங்க்கில். பேப்பரில் வந்ததே, நீங்கள்கூடப் பார்த்திருப்பீர்கள். உள்ளூர் ஸ்டேஷனில் நாலே நாளில் விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். படகுப் பாதுகாப்பு விசாரணைக்கு மட்டும் மெயின்லேண்டிலிருந்து ஓர் அதிகாரி வர வேண்டும். அவர் மே மாதம் வருவார் என்று கடிதம் வந்திருந்தது.

வந்தவர்களிடம் இதைச் சொல்லவில்லை. தாங்கள் உட்காரப்போகிற நாற்காலியில் இருந்தவரின் சாவைத்தான் படிக்கிறோம் என்று தெரிந்தால், யோசனை ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

கௌதமின் மனைவி நளினி யார்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கிறார். ஒருநாள் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது ஆபீசுக்கு வந்தார். வராந்தாவில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

“அவரு எடத்துக்கு ஆள் எடுக்கறீங்களாண்ணே?”

“என்ன செய்றது தங்கச்சி, படகு ஓடணுமே.”

“எனக்கு மனசு கேக்கமாட்டேங்குது. வீட்ல பால் பொங்கி ஸ்டவ் அணைஞ்சாலே எல்லா ஜன்னலையும் தொறந்துவிட்டு எங்கள வெளிய நிக்க வைக்கிற மனுஷன். காத்து ஓட்டாம டேங்க்ல எறங்குவாரா? உங்களக் கேக்காம எறங்குவாரா? ஃபோனாச்சும் பண்ணிருப்பாரேண்ணே.”

“அன்னிக்கு என்னவோ கேக்கலம்மா. விதி.”

அழுதார். டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்றேன். உள்ளே வந்ததும் என் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். சம்பவத்தன்று காலை ஒன்பது ஐம்பத்திரண்டுக்குக் கௌதம் என்னைக் கூப்பிட்டிருந்தார், ஒரு நிமிஷம் பத்து விநாடி. எனக்கு மறந்தே போயிருந்தது. சம்பவக் குறிப்பில், பெயின்ட் ட்ரம் வந்ததா என்று கேட்க அவர் எனக்கு ஃபோன் செய்தார் என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த நாலு பேர் சொன்னதைவிட நளினி சொன்னது உபயோகமாக இருந்தது.

காத்தமுத்து வந்தது ஏப்ரல் முதல் வாரத்தில். வெளிநாட்டுக் கப்பல்களில் இருபது வருஷம் ஓடியவர். இனி குடும்பத்தோடு ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். வாடகை வீடெல்லாம் பார்த்தாயிற்று என்றார். பேசுவதற்கு முன் தாள்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஜெனரேட்டர் காலைல ஏழு அஞ்சுக்கு ஸ்டார்ட் ஆயிருக்கு. செத்தவர் யார்டுக்குள்ள வந்ததே பத்து பத்துக்கு. அந்த மூணு மணி நேரம் அங்க யாரு இருந்தா?”

“வாட்ச்மேன் இருந்திருக்கலாம்” என்றேன்.

“வாட்ச்மேன் ஜெனரேட்டர் ஸ்டார்ட் பண்ணி, ஆயில் பிரஷர் பாத்து லாக் எழுதுவானா? இது இன்ஜினியர் எழுதின லாக் சார். அந்த ஆளத்தான் மொதல்ல விசாரிக்கணும்.” சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. தேர்வு எழுத வந்தவர் தேர்வு வைப்பவரை அப்படிப் பார்க்கக்கூடாது.

கம்பெனிக் கட்டுப்பாட்டுக்கு ஒத்துவர மாட்டார் என்று எழுதி அனுப்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யார்டு ஆபீசில் தனியாக உட்கார்ந்து ஜெனரேட்டர் லாக் புத்தகத்தைத் திரும்ப எழுதினேன். ஒரு நாள் பக்கத்தை மட்டும் மாற்றினால் தெரிந்துவிடும். ஜனவரி முதல் தேதியிலிருந்து எழுதினேன். மூன்று பேனா. இடையிடையே கிரீஸ் கைரேகை.

ஆமாம், நிஜ லாக் புத்தகத்தைத்தான் சொல்கிறேன். கேள்வித்தாளை மட்டும் திருத்தி என்ன பயன்? மெயின்லேண்டிலிருந்து வருகிறவர் கேள்வித்தாளைப் பார்க்க வரவில்லையே.

இதில் உங்களுக்குப் புரியாதது ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். வரப்போகிற அதிகாரி என்னென்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரைப்போலவே படித்த, அவரைவிடக் கூர்மையான ஆட்களை, வேலை என்று ஒரு விளம்பரம் கொடுத்தால் என் மேஜைக்கே வரவைக்கலாம். ஒவ்வொருவரும் ஒன்பது பக்கத்தையும் சல்லடை போட்டுச் சலித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இடித்த இடத்தை அன்றே சரிசெய்வேன். காத்தமுத்துவுக்குப் பிறகு இரண்டு பேர் வந்தார்கள். இருவருமே கெட்டிக்காரர்கள். இருவராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏப்ரல் பதினோராம் தேதி எல்லாவற்றையும் என் கையெழுத்து வாக்குமூலத்தோடு சேர்த்து விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டது நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு ஆள் எடுக்கும் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். மூன்று நாள் கழித்து பவானி வந்தார்.

போர்ட் பிளேரிலேயே டாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவர், இந்தி கலந்த தமிழ்தான் பேச்சு. முப்பத்துநாலு வயது. விசாகப்பட்டினத்தில் தூர்வாரும் கப்பல்களில் வேலை பார்த்தவர். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தீவுக்கே திரும்பிவிட்டார். அதே தாளைக் கொடுத்தேன். நாற்பது நிமிஷம் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். முதலாளி ஃபோனில் ஏதோ பார்க்க ஆரம்பித்துவிட்டார். ரூபா எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

“ஹோ கயா?” என்றார் முதலாளி. முடிந்ததா என்று.

“ஏக் மினிட் சார்.” கடைசிப் பக்கத்தைத் திரும்பப் படித்தார். “சப் டீக் ஹை. எல்லாம் மேட்ச் ஆகுது. டயம், ஆளுங்க, ஜெனரேட்டர், எதுலயும் தப்பு இல்ல.”

நான் பேனாவை மூடினேன்.

“லேகின் ஒரு டவுட்டு சார். அவர் கூட யாருமே இல்லேன்னு போட்டிருக்கு, சஹி ஹை நா, கரெக்ட்தானே?”

“ஆமாம்.”

“பதினொண்ணே காலுக்குத்தான் பாடியப் பாத்தாங்க.”

“ஆமாம்.”

“அப்ப அவரு பத்து நாப்பத்திரண்டுக்கு மயங்கி விழுந்தாருன்னு எப்டித் தெரியும்?”

டாக்டர் ரிப்போர்ட்டில் இருந்திருக்கும் என்றேன்.

“டாக்டருங்க பத்துலருந்து பதினொண்ணுக்குள்ளன்னு எழுதுவாங்க சார். நிமிஷம் போட மாட்டாங்க. நிமிஷம் போடணும்னா, அவரு விழறப்ப யாராச்சும் அங்க நின்னு வாட்ச் பாத்திருக்கணும். அவ்ளோதான்.”

முதலாளி ஃபோனைக் கீழே வைத்தார். பிறகு மேஜையைத் தட்டிச் சிரித்தார். “அடப்பாவி ஜம்பு. இந்தப் பொறிய எங்கடா ஒளிச்சு வச்சிருந்த? வந்தவன் எல்லாம் மிஷினப் பாத்தான். இந்தப் பொண்ணு ஒண்ணுதான் மனுஷனப் பாத்திருக்கு.” நானும் சிரித்தேன். ரூபா சிரிக்கவில்லை. பவானியும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தீவு சின்னது, மேடம். டாலிகஞ்சில் இருக்கிறவருக்கு பாம்பூஃப்ளாட்டில் யார் எப்படிச் செத்தார் என்று தெரியாமல் இருக்காது. ‘கப்பல் அ’ எந்தப் படகு என்று முதல் பக்கத்திலேயே அவருக்குப் புரிந்திருக்கும்.

எல்லாவற்றையும் மாற்றினேன். அந்த ஒன்றை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மூன்று நாள் முன்பு கையெழுத்துப் போட்டு அனுப்பிய வாக்குமூலத்திலும் அது அப்படியே இருந்தது. அந்த நேரம் சரியான நேரம். அதனால்தான் கண்ணில் படவில்லை.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன்.

அதற்கு முந்தின வருஷம் அந்தப் படகின் இரண்டாம் டேங்க்கில் அடித்தகடுகள் அரித்துப்போயிருந்தன. மாற்ற வேண்டும். மெயின்லேண்டிலிருந்து தகடு வர ஆறு வாரம் தாமதம். சுற்றுலா சீசன் ஆரம்பித்துவிட்டது. மாற்றியாயிற்று, எட்டு மில்லி கனம் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படகு ஒரு வருஷம் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கௌதம் கெட்டவர் இல்லை. பதினொரு வருஷம் என்னோடு வேலை பார்த்தவர். என் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினார். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விட மாட்டார். தகட்டின் கனத்தை அளக்கிற கருவியை எடுத்துக்கொண்டு மூன்று டேங்க்கையும் அளந்தே தீருவேன் என்று நின்றார். அப்படிப்பட்டவர்களோடு வேலை செய்வது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

காலை ஏழு அஞ்சுக்கு ஜெனரேட்டரை ஓடவிட்டது நான்தான். மேனேஜர் வந்துபோவதை வாட்ச்மேன் புத்தகத்தில் எழுதுவதில்லை. முதல் டேங்க்குக்கு ப்ளோயர் போட்டுக் காற்று ஓட்டினேன். காத்தமுத்து சொன்னது சரி. ஒன்பது ஐம்பத்திரண்டுக்குக் கௌதம் கூப்பிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல், டாக்டரிடம் காட்டிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறேன், நான் முதல் டேங்க்கை அளந்து முடிப்பதற்குள் இரண்டாம் டேங்க்குக்கும் காற்று ஓட்டிவிடுங்கள் அண்ணே என்றார். சரி என்றேன். நட்டுகளை முந்தின நாள் நாங்கள் இரண்டு பேருமாகக் கழற்றி வைத்திருந்தோம். அவர் வந்ததும் இரண்டாம் டேங்க்கின் மூடியைச் சேர்ந்து பிடித்துத் தூக்கினோம். பிரவீன்குமார் சொன்னதும் சரி.

முதல் டேங்க்கை அளந்துவிட்டு மேலே வந்தார். முகமெல்லாம் துரு. “இதுலயே ஆறுதாண்ணே இருக்கு. ரெண்டாவதப் பாத்துட்டு ரிப்போர்ட் எழுதிருவோம். இந்தப் படகு தண்ணில எறங்கக்கூடாது. நூத்தம்பது பேர் ஏறுற படகு.”

மீட்டர் ரிப்பேருக்காகச் சென்னைக்குப் போயிருந்தது. இரண்டாம் டேங்க்கின் வாயில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டார்.

“காத்து ஓட்டியாச்சாண்ணே?”

“ஆச்சு” என்றேன்.

நான் செய்தது அவ்வளவுதான். ஒரு வார்த்தை. அவரைத் தள்ளவில்லை. கையால்கூடத் தொடவில்லை. இறங்கச் சொல்லவுமில்லை.

ஏணியில் இறங்கினார். டார்ச் வெளிச்சம் ஒருமுறை சுவரில் ஓடியது. பிறகு அளக்கும் கருவி விழுகிற சத்தம், அதைத் தொடர்ந்து கனமாக இன்னொரு சத்தம். வாட்சைப் பார்த்தேன். பத்து நாற்பத்திரண்டு. இன்ஜின் அறையில் எது நின்றாலும் முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது முப்பது வருஷப் பழக்கம். அது என்னை மீறி நடந்தது.

ப்ளோயர் பத்தடி தள்ளி இருந்தது. குழாய் இரண்டாம் டேங்க்குக்கு எட்டும். பக்கத்து ஷெட்டில் ஆறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு குரல் கொடுத்தால் ஓடி வருவார்கள். நான் அங்கேயே நின்றேன். உள்ளேயிருந்து குறட்டை விடுகிற மாதிரி ஒரு மூச்சு கேட்டது. அதுவாக நின்றுவிடும் என்று தெரியும். ஆனாலும் நான் நகரவில்லை. பத்து ஐம்பதுக்கு மேல் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன், உறுதிப்படுத்திக்கொள்ள. பிறகு ஆபீசுக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். பதினொன்றே காலுக்கு வந்து ஆட்களைக் கூப்பிட்டேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு அவரைத் தூக்க முதலில் இறங்கப் போனவனே நான்தான். அவர்கள்தான் பிடித்து நிறுத்தி, ப்ளோயர் போட்டார்கள். பாடை தூக்கியவர்களிலும் நான் ஒருவன்.

அடுத்த வாரமே இரண்டாம் டேங்க் தகடுகளை மாற்றினேன். இப்போது அது உண்மையிலேயே எட்டு மில்லி. அந்தப் படகில் போகிறவர்கள் பத்திரமாகப் போகிறார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ரூபாவைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டும். எதையும் தூக்கிப் போடாத பெண். ஒவ்வொரு தேர்விலும் யாருக்குக் கொடுத்த தாளோ அதை அவர் பெயரோடு கிளிப் போட்டு ஃபைலில் வைத்திருக்கிறார். ஒரே நாளுக்கு நாலு விதமான தாள்கள். இதோ, உங்கள் மேஜையில் இருக்கிறது. அன்று சாயங்காலம் உட்கார்ந்து அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

அதே சாயங்காலம் சாத்தம் ஃபெரியில் பவானி கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றிருந்தார். பக்கத்தில் போய், உங்களுக்குத்தான் முதலிடம் என்றேன். இன்னும் ஒரு கட்டம் பாக்கி இருக்கிறது, நாளைக் காலை எட்டு மணிக்கு யார்டுக்கு வாருங்கள், இன்னொரு படகு கரையில் நிற்கிறது, அதைப் பார்த்து உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும் என்றேன்.

“டேங்க்ல எறங்கணுமா சார்?”

“மூணாவதுல மட்டும். சின்ன வேலைதான்.”

“மீட்டர் இருக்கா?”

“இருக்கு” என்றேன்.

அவர் கம்பியை விட்டுவிட்டுத் திரும்பினார். “டீக் ஹை சார். ஆ ஜாவூங்கி” என்றார். வருகிறேன் என்று சொன்னார், வந்தார். போலீஸ்காரர்களோடு நீங்களும் கூட வருவீர்கள் என்று சொல்லவில்லை.

அந்த மூன்றாம் டேங்க்கைப் பற்றி நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். நட்டுகளைக் கழற்றியது நான்தான். முதல் ஃபெரியிலேயே போய்விட்டேன். ஒற்றை ஆளால் முடியும், நேரம்தான் ஆகும். மூடியைக் கடப்பாரையால் நெம்பி நகர்த்தினேன். வருகிறவர் சிரமப்படக்கூடாது என்றுதான். ப்ளோயர் ஸ்டோரில் பூட்டியிருந்ததும், சாவி என் சட்டைப் பையில் இருந்ததும் உண்மை. கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். மீட்டர் இன்னும் சென்னையிலிருந்து வரவில்லை என்பதும் உண்மைதான்.

ஆனால் நீங்கள் நினைப்பது போல இல்லை, மேடம். திறமையை மதிக்கத் தெரிந்தவன் நான். ரூபாவின் ஃபைலில் கடைசித் தாளைப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் யாருக்கும் அவ்வளவு போட்டதில்லை. கெடுதல் நினைக்கிறவன் அப்படி மார்க் போடுவானா?